விமான மாடலில் 'மாஸ்டர்' என்று பெயர் எடுப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

போட்டி மேசைக்கு நடுவர்கள் மூன்று பேராக வருவார்கள். ஒருவர் கையில் பேனா டார்ச் இருக்கும். இன்னொருவர் கையில், பல் மருத்துவர் வாய்க்குள் விட்டுப் பார்ப்பாரே, நீளக் கைப்பிடி போட்ட குட்டிக் கண்ணாடி, அது இருக்கும். மாடலை யாரும் தொடமாட்டார்கள். டார்ச் வெளிச்சத்தை இறக்கையின் முன்விளிம்பில் சாய்வாக அடிப்பார்கள். கண்ணாடியை விமானத்தின் வயிற்றுக்கு அடியில் நுழைத்துக் குனிந்து பார்ப்பார்கள். நாம் மாதக்கணக்கில் உட்கார்ந்து காக்பிட்டுக்குள் வைத்த சுவிட்சுகளை அவர்கள் பார்ப்பது கடைசியில்தான். பல மாடல்களில் அதுவரை வருவதே இல்லை.

என் முதல் போட்டியில் எனக்கு நடந்தது இதுதான். அது சிறிய கண்காட்சி, எல்லா விமானங்களுக்கும் ஒரே பிரிவு. நான் கொண்டுபோனது 1/48 மிக்-21 போர் விமானம், அதாவது நிஜத்தில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவு. தனியாக வாங்கிய ரெசின் இருக்கை, பித்தளைத் தகட்டில் வந்த பட்டைகள், கடைந்த உலோக மூக்குக்குழல் என்று எல்லாம் வைத்திருந்தேன். வயிற்றில், சக்கர அறைக்குப் பின்னால், உடலின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் நகக்கீறல்போல ஒரு கோடு மிச்சமிருந்தது. இடது வால் இறக்கை வலதைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. பரிசு வாங்கியது, பெட்டியில் வந்ததை வந்தபடியே செய்த ஒரு சின்ன 1/72 நேட் விமானம், சிவப்பு வண்ணத்தில். போய் ரொம்ப நேரம் பார்த்தேன். அதில் ஒரு கோடுகூட இல்லை. எல்லாம் நேராக இருந்தது.

அதற்குப் பிறகு பல வருடம் செய்தும், நண்பர்கள் செய்வதைப் பார்த்தும், நடுவர்களோடு பேசியும் எனக்குத் தெரிந்ததைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். மாஸ்டர் என்ற பெயர், மாடலின் மேல் எவ்வளவு ஏற்றியிருக்கிறோம் என்பதைப் பார்த்து வருவதில்லை. எவ்வளவு நீக்கியிருக்கிறோம் என்பதைப் பார்த்து வருகிறது. பிசிறு, தழும்பு, ஒட்டுக்கோடு, கோணல், இவையெல்லாம் போன பிறகுதான் மற்றவை கணக்கில் வரும். 1963இல் பிரிட்டனில் தொடங்கி இன்று பல நாடுகளில் கிளை விட்டிருக்கும் ஐ.பி.எம்.எஸ். என்ற பிளாஸ்டிக் மாடல் சங்கத்தின் நடுவர்கள் பின்பற்றும் வரிசையும் இதுவே: முதலில் அடிப்படை வேலை, அப்புறம்தான் அலங்காரம்.

பறக்கும் மாடல்களுக்கு வேறு கணக்கு உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். இந்த வழிகாட்டி பெரும்பாலும் மேசையில் நிற்கும் பிளாஸ்டிக் மாடலைப் பற்றியது.

முதல் படி: ஒரே ஒரு விமானத்தைத் தேர்ந்தெடுங்கள்

மிக்-21 செய்கிறேன் என்று தொடங்கக் கூடாது. எந்த மிக்-21, எந்த வருடம், எந்தப் படைப்பிரிவு, வால் எண் என்ன என்று முடிவு செய்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

நம் விமானப்படை 1963இலிருந்து 2025 செப்டம்பர் வரை மிக்-21ஐ ஓட்டியது. இந்த அறுபத்திரண்டு வருடத்தில் அது ஒரே விமானமாக இருக்கவில்லை. 1971 போரில் பறந்த எஃப்.எல். வகைக்கு முதுகு ஒல்லி. பின்னால் வந்த எம், பிஸ் வகைகளுக்கு முதுகு பருத்தது. எஃப்.எல்.லின் கேனபி, அதாவது விமானியின் தலைக்கு மேலிருக்கும் கண்ணாடி மூடி, முன்பக்கம் கீல் வைத்தது, திறந்தால் மூக்குப் பக்கமாகச் சாயும். மற்ற இரண்டிலும் அது வலப்பக்கம் திறக்கும். எஃப்.எல்.லுக்கு உடலுக்குள் பீரங்கி கிடையாது. அதனால் ஜி.பி.-9 என்ற பீரங்கிப் பொதியை வயிற்றுக்குக் கீழே தொங்கவிட்டார்கள். 1971 டிசம்பர் 14 அன்று டாக்காவில் ஆளுநர் மாளிகையைத் தாக்கிய விமானத்தைச் செய்ய ஆசைப்பட்டு, கடையில் கிடைத்த பிஸ் பெட்டியை வாங்கி, இந்திய வட்ட முத்திரையை ஒட்டிவிட்டால் விஷயம் தெரிந்தவர் பத்தடி தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். முதுகே காட்டிக்கொடுத்துவிடும்.

நேட் விமானத்திலும் இதே பொறி இருக்கிறது. ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் 1/72 நேட் பெட்டி நம் ஊரில் பலருக்கும் முதல் மாடல். ஆனால் அது இரண்டு இருக்கை கொண்ட பயிற்சி விமானம், பிரிட்டனின் ரெட் ஆரோஸ் சாகசக் குழு ஓட்டியது. 1965லும் 1971லும் நம் விமானிகள் ஓட்டியது ஒற்றை இருக்கைப் போர் விமானம். மூக்கு, கேனபி, முதுகு, இறக்கை எல்லாமே வேறு. அந்தப் பெட்டியில் இந்திய நேட் செய்ய வேண்டுமென்றால் முன்பாதியை அறுத்து, இறக்கையையும் சிறிதாக்கித் திருத்த வேண்டும். அப்படித் திருத்தினால் அதுவே ஒரு மாஸ்டரின் வேலைதான். வண்ணத்தை மட்டும் மாற்றுவது அப்படி ஆகாது.

ஆதாரம் தேடும்போது இரண்டு விஷயத்தில் கவனமாக இருங்கள். பெங்களூரில் எச்.ஏ.எல். அருங்காட்சியகத்திலும் டெல்லி பாலத்தில் விமானப்படை அருங்காட்சியகத்திலும் நிஜ விமானங்கள் நிற்கின்றன. உருவம், சக்கர அறை, கதவுகளின் கோணம், ஆணிவரிசை ஆகியவற்றைப் படமெடுக்க அவற்றைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் வண்ணத்துக்கு அவற்றை நம்பாதீர்கள். வெயிலிலும் மழையிலும் நிற்கும் விமானத்துக்கு அவ்வப்போது புதுப் பெயின்ட் அடிக்கிறார்கள், அடிப்பவர் கையில் அன்று இருந்த பச்சைதான் அதன் பச்சை. வண்ணத்துக்கு அந்தக் காலத்துப் புகைப்படமே ஆதாரம். இரண்டாவது, நீங்கள் செய்யும் அதே வால் எண்ணின் படம் ஒன்றாவது கையில் இருக்க வேண்டும். 1971இல் அவசரமாக அடித்த பச்சையும் பழுப்பும் விமானத்துக்கு விமானம் மாறியிருந்தன. பக்கத்து விமானத்தின் படம் உதவாது.

இரண்டாம் படி: உருவம்

பசை டப்பாவைத் திறப்பதற்கு முன்னால், பாகங்களைக் காகித டேப்பால் சேர்த்துக் கட்டி, கையில் எடுத்து, தூரத்தில் வைத்துப் பாருங்கள். நிஜ விமானத்தின் நிழலுருவம் வருகிறதா?

1942இல் அமெரிக்கக் கடற்படை பள்ளி மாணவர்களிடம் 5 லட்சம் விமான மாடல்கள் செய்து தரச் சொன்னது. எதிரி விமானம் எது, நம் விமானம் எது என்று வீரர்களுக்கு அடையாளம் காணப் பழக்குவதற்காக, 1/72 அளவில், மரத்தில், கறுப்பு வண்ணத்தில் செய்த மாடல்கள் அவை. அந்த அளவில் 35 அடி தூரத்தில் வைத்த மாடல், கிட்டத்தட்ட அரை மைல் தொலைவில் பறக்கும் நிஜ விமானம்போலத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள், 35ஐ 72ஆல் பெருக்கினால் 2,520 அடி. காக்பிட் கிடையாது, ஆணி கிடையாது, எண் கிடையாது. அச்சு அட்டையை வைத்துப் பார்க்கும்போது வெளிக்கோடு பொருந்த வேண்டும், அவ்வளவுதான் சோதனை. ஒரு மாடலுக்கு உருவம்தான் உயிர் என்று அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவைப்பட்டிருக்காது.

நல்ல நிறுவனத்தின் புதிய பெட்டியில் உருவத் தவறு அநேகமாக இருக்காது. பழைய அச்சில் வந்தவற்றில் இருக்கும். அளவு விகிதத்தில் அச்சடித்த வரைபடம் ஒன்றின் மேல் இறக்கையை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மிக்-21இன் நிஜ இறக்கை அகலம் 7.15 மீட்டர். 1/72இல் அது 99 மில்லிமீட்டர், 1/48இல் 149. ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள்.

மூன்றாம் படி: பிசிறும் தழும்பும்

பெட்டியில் பாகங்கள் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தோடு ஒட்டியே வரும். அதிலிருந்து பாகத்தை வெட்டும்போது ஒட்டி வெட்டாதீர்கள். நிப்பரால் ஒரு மில்லிமீட்டர் தள்ளி வெட்டி, மிச்சத்தைப் பிளேடால் சீவி, 600 நம்பர் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். ஒட்டி வெட்டினால் பிளாஸ்டிக் உள்ளே பிய்த்துக்கொண்டு ஒரு குழி விழும்.

அச்சிலிருந்து பாகத்தைத் தள்ளி எடுக்கும் ஊசிகளின் வட்டத் தழும்பு, தடித்த இடத்தில் பிளாஸ்டிக் குளிர்ந்து சுருங்கிய பள்ளம், அச்சு சேருமிடத்தில் கசிந்த பிசிறு. இந்த மூன்றையும் தேடிப் பிடியுங்கள். சக்கரக் கதவின் உட்பக்கமும் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் சுவரும் இவை ஒளியும் இடங்கள். நடுவரின் கண்ணாடி நேராக அங்கேதான் போகும்.

நான்காம் படி: ஒட்டுக்கோடு

இதில் கொஞ்சம் நிற்க வேண்டும். மாஸ்டரையும் மற்றவரையும் பிரிப்பது பெரும்பாலும் இந்த இடம்தான்.

1/72 மாடலில் 0.2 மில்லிமீட்டர் மேடு என்பது நிஜ விமானத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் மேடு. அப்படி ஒன்று உடல் நெடுக ஓடும் விமானத்தை எந்தப் படையும் பறக்க விடாது. ஆகவே உடலின் இரண்டு பாதியும் சேரும் கோடு 'தெரியாத மாதிரி' இருந்தால் போதாது. இல்லாமலே போக வேண்டும்.

நான் செய்யும் முறை இது. தண்ணீர்போல ஓடும் மெல்லிய பிளாஸ்டிக் பசையை, டாமியாவின் பச்சை மூடிப் பசைதான், இரண்டு விளிம்பிலும் தடவி அரை நிமிடம் விடுவேன். விளிம்பு இளகியிருக்கும்போதே இரண்டு பாதியையும் சேர்த்து அழுத்தினால், உருகிய பிளாஸ்டிக் மெல்லிய கயிறுபோலக் கோடு நெடுக மேலே பிதுங்கி வரும். அது வர வேண்டும். வராத இடத்தில் உள்ளே இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம். அப்படியே டேப்பால் கட்டி வைத்துவிட்டு, குறைந்தது மூன்று நாள் தொடமாட்டேன். பசை காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் உள்ளே இளகித்தான் இருக்கும். அவசரப்பட்டுத் தேய்த்தால் அன்றைக்கு மழமழவென்று இருக்கும், இரண்டு வாரம் கழித்து, பெயின்ட்டும் அடித்த பிறகு, அந்த இடம் சுருங்கிப் பள்ளமாகும். என் முதல் மிக்கின் வயிற்றுக்கோடு அப்படி வந்ததுதான்.

மூன்று நாளுக்குப் பிறகு பிதுங்கியதை 400இல் தேய்த்துச் சமமாக்கி, அப்புறம் 600, 1000, 2000 என்று தண்ணீர் தொட்டுத் தேய்ப்பேன். வளைந்த பரப்பில் விரலால் அழுத்தித் தேய்க்காதீர்கள், தட்டையாகிவிடும். உருண்டையான உடல் ஓரிடத்தில் மட்டும் தட்டையாக இருப்பது கோட்டைவிட மோசம். ஸ்பாஞ்சில் ஒட்டிய உப்புத்தாளை வாங்கிக்கொள்ளுங்கள். கோட்டின் நீளத்தில் தேய்க்காமல் குறுக்கே, வளைவோடு சேர்த்துத் தேய்க்க வேண்டும்.

இடைவெளி இருந்தால் நிரப்புவதற்கு சூப்பர் க்ளூ நல்லது, அது புட்டியைப்போலச் சுருங்காது. ஆனால் ஒட்டி ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிடுங்கள். மறுநாள் வரை விட்டால் அது பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகிவிடும். அப்போது சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் தேயும், பசை மட்டும் மேடாக நிற்கும்.

சோதனை மூன்று. கண்ணை மூடிக்கொண்டு நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள், தட்டுகிறதா? அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள், நிழல் விழுகிறதா? சாம்பல் பிரைமர் அடித்துக் காயவிட்டுப் பாருங்கள். பிரைமர் பொய் சொல்லாது. பிளாஸ்டிக்கின் பளபளப்பில் மறைந்திருந்த எல்லாக் கீறலையும் அது எழுப்பிவிடும். பிரைமர் அடித்து, குறை கண்டு, நிரப்பி, தேய்த்து, மறுபடி பிரைமர். நான்கு முறை போனாலும் போகட்டும். இந்த இடத்தில் பொறுமை போய்விட்டால், இதற்குப் பிறகு செய்யும் எதுவும் அதை ஈடுகட்டாது.

மிக்-21இல் தவறாமல் பார்க்க வேண்டிய இடங்கள்: மூக்கிலிருக்கும் காற்று நுழைவாயின் உள்சுவர், இறக்கை உடலோடு சேரும் வேர், முதுகு, பின்னால் புகைக்குழாயின் உட்பக்கம். நுழைவாய்க்குள் பார்ப்பார்களா என்று கேட்காதீர்கள். டார்ச் இருக்கிறதே!

தேய்க்கும்போது பேனல் கோடுகளும், அதாவது விமானத்தின் தகடுகள் சேரும் கோடுகளும், ஆணிவரிசையும் அழியும். அழிந்ததைத் திரும்பக் கீறியே ஆக வேண்டும். வயிற்றில் வந்துகொண்டிருக்கும் கோடு ஒட்டுக்கோட்டின் அருகே திடீரென்று நின்றுபோனால், அங்கே ஒட்டுக்கோடு இருந்தது என்று நீங்களே எழுதி வைத்த மாதிரி. கெட்டியான டேப்பை ஓரமாக ஒட்டி, அதை ஒட்டி ஸ்கிரைபர் என்ற கீறுகருவியை எடையே இல்லாமல் ஐந்தாறு முறை இழுங்கள். ஒரே இழுப்பில் ஆழமாகப் போட நினைத்தால் கோடு விலகி ஓடும்.

ஐந்தாம் படி: நேர் பார்ப்பது

தச்சர் ஒருவர் பலகையை எடுத்தவுடன் என்ன செய்வார்? ஒரு நுனியைக் கண்ணுக்கு நேரே பிடித்து, மறு கண்ணை மூடி, ஓரத்தோடு பார்வையை ஓட்டுவார். மாடலுக்கும் அந்தப் பார்வைதான் வேண்டும்.

முன்னாலிருந்து பார்த்தால் இரண்டு இறக்கையும் ஒரே சாய்வில் இருக்க வேண்டும். மிக்-21இன் இறக்கை கிடைமட்டம் இல்லை, முனைகள் 2 டிகிரி கீழே சாயும். 1/72இல் ஒரு பக்க முனை ஒரு மில்லிமீட்டர் ஏறி நின்றால், நிஜத்தில் ஏழு சென்டிமீட்டருக்கு மேல், அந்த 2 டிகிரியில் பாதிக்கு மேல் போய்விடும். ஒரு பக்கம் சாய்ந்தும் மறுபக்கம் கிட்டத்தட்டத் தட்டையாகவும் நிற்கும். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றும்.

கண்ணாடி மேசை ஒன்றின் மேல் வேலை செய்யுங்கள். அது மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டம் போட்ட தாளை அடியில் விரித்து, உடலை நடுக்கோட்டில் நிறுத்தி, இரண்டு இறக்கை முனைகளுக்கும் கீழே ஒரே உயர அட்டைத் துண்டுகளை அடுக்கி முட்டுக் கொடுங்கள். பாகத்தை அசையாமல் பிடிக்கும் ஜிக்காக லெகோ கட்டைகள் அற்புதம். எல்லாம் ஒரே உயரம், மூலை எல்லாம் 90 டிகிரி. பசை காயும்வரை அப்படியே இருக்கட்டும். மேலிருந்து பார்க்கும்போது, இறக்கை முனையிலிருந்து வால் முனை வரை இரண்டு பக்கமும் நூல் பிடித்து அளந்தால் ஒரே நீளம் வர வேண்டும். செங்குத்து வால் சாயாமல் நிற்கிறதா என்று சின்ன மூலைமட்டம் வைத்துப் பாருங்கள்.

அப்புறம் சக்கரம். மூன்று சக்கரமும் தரையைத் தொட வேண்டும், முன்னாலிருந்து பார்த்தால் இரண்டு பின்சக்கரமும் ஒரே கோணத்தில் இருக்க வேண்டும். டயரின் அடியை லேசாகத் தேய்த்துத் தட்டையாக்கினால் விமானத்தின் எடை தெரியும். லேசாகத்தான். காற்று இறங்கின டயர்போலத் தெரியக் கூடாது.

இறக்கைக்கு அடியில் தொங்கும் ஏவுகணைகள், ராக்கெட் பொதிகள் எல்லாம் இணையாக இருக்கிறதா என்று கீழிருந்து பாருங்கள். நிறைய நல்ல மாடல்கள் இந்தக் கடைசி நிமிடத்தில் கோட்டை விடுவதை நான் பார்த்திருக்கிறேன். பெயின்ட் எல்லாம் முடிந்து, களைத்துப்போய், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஒட்டுவதால் வருவது இது.

ஆறாம் படி: கேனபி

இதில் ஒரு விதிதான்: கேனபி பக்கம் சூப்பர் க்ளூவைக் கொண்டுவராதீர்கள். அதன் ஆவி பட்டால் கண்ணாடி பனி மூடியதுபோல வெளுக்கும். பெவிகால் போதும். தெளிவான அக்ரிலிக் தரை பாலிஷில் முக்கி, தூசி விழாமல் டப்பா போட்டு மூடிக் காயவைத்தால் பிளாஸ்டிக் நிஜக் கண்ணாடிபோல மின்னும். மாஸ்கிங் டேப்பைப் புதுப் பிளேடால் வெட்டுங்கள். பழைய பிளேடு டேப்பையும் கிழிக்கும், கண்ணாடியையும் கீறும்.

ஏழாம் படி: வண்ணம், சென்னைக் காற்றோடு

பெயின்ட்டைப் பால் பதத்துக்குக் கரைக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். சரிதான். கோப்பையின் பக்கத்தில் தேய்த்தால் பால்போல மெல்லிய படலமாக இறங்க வேண்டும். ஏர்பிரஷ்ஷில் 15 முதல் 20 பி.எஸ்.ஐ. அழுத்தம் வைத்து, ஒரே தடவையில் மூடிவிடாமல், மெல்லிய நான்கைந்து பூச்சு கொடுங்கள்.

கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கு இன்னொரு சங்கதி இருக்கிறது. ஈரக்காற்றில் லாக்கர் வகைப் பெயின்ட் அடித்தால் மேற்பரப்பு பால் படிந்ததுபோல வெளுத்துப்போகும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலிருக்கும் ஈரம் அதன்மேல் படிவதால் வருவது இது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நான் லாக்கர் தொடுவதே இல்லை, ஒட்டும் வேலைகளை அப்போது வைத்துக்கொள்வேன். கம்ப்ரெஸருக்கும் பிரஷ்ஷுக்கும் நடுவில் ஈரம் பிடிக்கும் வடிகட்டி கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் ஒரு சொட்டுத் தண்ணீர் தெறித்து, இறக்கை நடுவில் அம்மைத் தழும்புபோல விழும். ஏ.சி. அறையில் அடிக்க முடிந்தால் நல்லது, ஆனால் புகையை வெளியே தள்ளும் விசிறி இல்லாமல் மூடிய அறையில் அடிக்காதீர்கள். முகமூடியும் அவசியம், துணி முகமூடி போதாது, கரைப்பான் ஆவியைப் பிடிக்கும் கார்பன் வடிகட்டி உள்ளதாக இருக்க வேண்டும்.

வட்டம், எண் எல்லாம் அச்சடித்து வரும் முத்திரைத் தாள்களை ஒட்டுவதற்கு முன் முழுவதும் பளபள வார்னிஷ் அடித்தாக வேண்டும். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளியாக மின்னும். இறக்கை ஓரத்தைப் பார்த்து நடுவர் குனிந்தால் அந்த மின்னலைத்தான் தேடுகிறார். மைக்ரோ சால் போன்ற இளக்கும் திரவத்தைப் பூசியதும் முத்திரை சுருங்கிக் கசங்கும். பயந்து கை வைத்துவிடாதீர்கள். அதுவாகவே படிந்து பேனல் கோட்டுக்குள் இறங்கிவிடும்.

எட்டாம் படி: பழசாக்குவது

இதில் என் கருத்து கொஞ்சம் கடுமையானது. இன்று பல மாடல்களில் எல்லாப் பேனல் கோட்டிலும் ஒரே அளவு கறுப்பு ஓடுகிறது, எல்லா ஓரத்திலும் பெயின்ட் உதிர்ந்து வெள்ளி தெரிகிறது. நிஜ விமானம் அப்படி அழுக்காவதில்லை. மெக்கானிக் தினமும் ஏறும் இடத்தில் கால்தடம் இருக்கும். அடிக்கடி திறக்கும் மூடியின் திருகுகளைச் சுற்றிப் பெயின்ட் உரிந்திருக்கும். எண்ணெய் கசிவு காற்றடிக்கும் திசையில் பின்னோக்கி ஓடும். அழுக்குக்கு ஒரு காரணம் இருக்கும். ஒரு கறையை வைக்கும்போது, இது எப்படி வந்தது என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடியாவிட்டால் துடைத்துவிடுங்கள்.

ஒன்பதாம் படி: முதலில் பெட்டியிலிருந்து, பிறகு வெறுங்கையிலிருந்து

பல போட்டிகளில் 'பெட்டியில் வந்தபடி' என்று ஒரு பிரிவு உண்டு. வெளியே வாங்கிய பாகம் எதுவும் சேர்க்கக் கூடாது. பொதுவாக டேப்பில் செய்த இருக்கைப் பட்டையும் இழுகம்பி நூலும் அனுமதி, செய்முறைத் தாளைப் பக்கத்தில் வைக்க வேண்டும். முதல் மூன்று வருடம் இந்தப் பிரிவில் மட்டும் போட்டியிடுங்கள் என்று நான் சொல்வேன். மறைத்துக்கொள்ள எதுவுமே இல்லாத இடம் அது.

அதற்கு அப்புறம்தான் சுயமாகப் பாகம் செய்வது. முதலில் ஒரு சக்கரக் கதவு, பிளாஸ்டிக் தாளில். பிறகு இருக்கை. பிறகு நேட்டின் முன்பாதிபோல ஒரு மாற்றம். இந்தப் பாதை எதுவரை போகும் என்று பார்க்க ஆசைப்படுபவர்கள் இரண்டு பேரின் வேலையைத் தேடிப் பாருங்கள். ஹானலூலுவில் பல் மருத்துவராக இருந்த யங் பார்க், மஸ்டாங், கோர்சேர் என்ற போர் விமானங்களை 1/16 அளவில் அலுமினியத்திலேயே செய்தார். உள்ளே இருக்கும் எலும்புக்கூடு தெரியட்டும் என்று சில இடங்களில் மேல்தகட்டைப் போடாமல் விட்டிருக்கிறார். பிரிட்டனின் டேவிட் க்ளென் 1/5 அளவில் செய்த ஸ்பிட்ஃபயர், லண்டன் ஹெண்டனில் ராயல் விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போனது. அதற்கு அவர் எடுத்துக்கொண்டது 11 வருடத்துக்கு மேல். அச்சகங்களில் பயன்படும் மெல்லிய அலுமினியத் தகட்டை வெட்டி வளைத்து, ஆணி ஆணியாக மேல்தோல் போர்த்தியிருக்கிறார். இவர்களுக்கு மாஸ்டர் என்ற பெயரை ஒரு கோப்பை தரவில்லை. வேலையைப் பார்த்தவர்கள் தந்தார்கள்.

பத்தாம் படி: நான்தான் செய்தேன்

இதில் பறக்கும் மாடல்காரர்கள் நம்மைவிடக் கறார். உலக விமான விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.ஏ.ஐ.யின் எஃப்4சி பிரிவில், அதாவது நிஜ விமானத்தின் அளவு விகிதத்தில் செய்து ரேடியோவால் ஓட்டும் மாடல்களுக்கான பிரிவில், ஓட்டுபவரே மாடலைச் செய்தவராக இருக்க வேண்டும். 1936இல் தொடங்கிய அமெரிக்காவின் ஏ.எம்.ஏ. என்ற மாடல் விமானச் சங்கம் நடத்தும், கம்பியில் கட்டிச் சுற்றிப் பறக்கவிடும் ஸ்டன்ட் போட்டிகளில் பறப்பதற்குத் தரும் மதிப்பெண்ணோடு, மாடலின் தோற்றத்துக்கு 20 வரை சேரும். அதன் தேசியப் போட்டியில் மிக அழகான மாடல் எது என்று தேர்ந்தெடுப்பது நடுவர்கள் அல்ல, போட்டியாளர்களே வாக்களிக்கிறார்கள். அந்தப் பரிசுக்கு இருக்கும் மரியாதை அதனால்தான். தூசியின் ஒவ்வொரு துகளோடும் மல்லுக்கட்டியவர்கள், மல்லுக்கட்டிய இன்னொருவருக்குத் தருவது அது.

பிளாஸ்டிக் மாடலில் இவ்வளவு கண்டிப்பு இல்லை. ஆனால் உங்கள் மாடல் பக்கத்தில் வைக்கும் தாளில் உண்மையை எழுதுங்கள்: எந்தப் பெட்டி, எந்தப் பாகம் வாங்கியது, எது 3டி பிரின்டரில் எடுத்தது, எதை நீங்களே செய்தீர்கள். செய்யும்போது படம் எடுத்துவைத்து இரண்டு மூன்றை அதோடு சேருங்கள். பெயின்ட்டுக்கு அடியில் மறைந்துபோன வேலையை வேறு எப்படியும் காட்ட முடியாது. வாங்கிய பாகத்தைச் சொந்த வேலையென்று ஒருமுறை சொல்லி மாட்டிக்கொண்டால், அதற்குப் பிறகு நிஜமாகவே செய்ததையும் யாரும் நம்பமாட்டார்கள்.

பதினொன்றாம் படி: போட்டிக்குப் போவது

இரண்டு முறை உண்டு. ஒன்றில் மாடல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு முதல், இரண்டு, மூன்று என்று தருவார்கள். இன்னொன்றில் ஒவ்வொரு மாடலையும் ஒரு தரத்தோடு ஒப்பிட்டுத் தங்கம், வெள்ளி, வெண்கலம் தருவார்கள், எத்தனை பேருக்கு வேண்டுமானாலும். கற்றுக்கொள்பவருக்கு இரண்டாவதுதான் நல்லது. இந்த வருடம் வெண்கலம், அடுத்த வருடம் வெள்ளி என்றால் நீங்கள் வளர்ந்திருக்கிறீர்கள். முதல் முறையில் பரிசு வந்ததா இல்லையா என்பது அன்று பக்கத்தில் யார் மாடல் இருந்தது என்பதைப் பொறுத்ததும்கூட. சில நாட்டுப் போட்டிகளில் 'ஸ்டாண்டர்ட்', 'மாஸ்டர்' என்று வகுப்பையே பிரித்திருக்கிறார்கள். மேல் வகுப்புக்கு அவசரப்பட்டுப் போகாதீர்கள்.

முடிவு அறிவித்த பிறகு, நடுவர் ஒருவரைத் தனியாகப் பார்த்து, "எங்கே முதலில் கண் நின்றது?" என்று மட்டும் கேளுங்கள். ஏன் பரிசு தரவில்லை என்று கேட்டால் அவர் சமாதானம் சொல்லத் தொடங்கிவிடுவார். எங்கே கண் நின்றது என்று கேட்டால் விரலை நீட்டிக் காட்டுவார். வீட்டுக்கு வந்ததும் அந்த மாடலைத் திருத்தாதீர்கள், அப்படியே அலமாரியில் வையுங்கள். அடுத்த மாடலில் அந்த இடத்தைப் பாருங்கள்.

ஒரு மாடல் நன்றாக அமைந்தால் பாராட்டுவார்கள். பத்து மாடல், வேறு வேறு விமானம், எல்லாவற்றிலும் அதே சுத்தம் என்று வரும்போதுதான் பேச்சு மாறும். 'அவருடைய மிக்' என்று சொன்னவர்கள் 'அவர் வேலை' என்று சொல்லத் தொடங்குவார்கள். என் நண்பர் ஒருவருக்கு அது நடக்கப் பன்னிரண்டு வருடம் ஆனது. அவர் போட்டிக்குப் போனது மொத்தம் நாலு முறைதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கூடும் இடத்தில் யாருக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும், தன் வேலையை ஓரமாக வைத்துவிட்டு எழுந்துபோய்ச் செய்து காட்டுவார். எங்கள் ஊரில் மாஸ்டர் யார் என்று கேட்டால் கோப்பை வாங்கியவர்களே அவரைத்தான் காட்டுவார்கள்.

கடைசிப் படி: மேசைக்கு மறுபக்கம்

கொஞ்சம் தேறியதும், நடுவர்களோடு உதவியாளராக ஒருமுறையாவது சுற்றி வாருங்கள். ஒரே மத்தியானத்தில் அறுபது மாடல்களின் வயிற்றைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து உங்கள் மாடலை எடுத்தால், அது வேறு யாரோ செய்ததுபோல உங்கள் கண்ணுக்குத் தெரியும். அது நல்லதுதான்.

என் பையிலும் இப்போது அந்தக் குட்டிக் கண்ணாடி இருக்கிறது. போன மாதம் எட்டாவது படிக்கும் பையன் ஒருவன் ஷூ பெட்டியில் பஞ்சு வைத்து ஒரு 1/72 ஸ்பிட்ஃபயரைக் கொண்டுவந்தான். மேலே பார்க்க நன்றாகவே செய்திருந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியையும் டார்ச்சையும் அவன் கையிலேயே கொடுத்து, வயிற்றுக்கு அடியில் பார்க்கச் சொன்னேன். குனிந்து, தலையைச் சாய்த்து, ரொம்ப நேரம் பார்த்தான். இறக்கை வேரில் ஒரு நிமிடம், மூக்குக்குக் கீழே ஒரு நிமிடம். நிமிர்ந்து கண்ணாடியை என்னிடம் நீட்டிவிட்டுக் கேட்டான்: "அங்கிள், இதுக்கு 600 போதுமா, 1000 வேணுமா?"